பேலா லுகோசியைக் காதால் பார்ப்பது எப்படி

முதலில் ஒரு ஹெட்ஃபோன் எடுத்துக்கொள்ளுங்கள். காதை முழுக்க மூடுகிற பழைய மாடல் இருந்தால் ரொம்ப நல்லது. டிவி ஸ்பீக்கரில் கேட்டால், ஹாலிவுட்டில் டிராகுலாவாக நடித்துப் பெயர் வாங்கிய இந்த மனிதரில் பாதி காணாமல் போய்விடும்.

நான் 27 வருடம் டப்பிங்கில் இருந்தவள். கூட்டத்துக்குக் குரல் கொடுப்பதில் ஆரம்பித்து, கதாநாயகியின் அத்தை, பக்கத்து வீட்டு மாமி, வில்லனின் அம்மா என்று போய், தொண்டை போனதும் நிறுத்தினேன். அதனால் ஒரு நடிகரைத் திரையில் பார்த்தால் எனக்குக் கண் தெரியாது, மூக்கு தெரியாது, வாய்தான் தெரியும். தொழில் கோளாறு. அந்தக் கோளாறோடு பேலா லுகோசியின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, டிராகுலாவின் கதையாக இல்லாமல் ஒரு குரலின் கதையாக அது எனக்குப் பட்டது. அப்படிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் வரிசை இது. ஏழு மாலைகள் போதும். தயவுசெய்து டிராகுலாவில் ஆரம்பிக்காதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 1882-ல் லுகோஷ் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஹங்கேரி, இன்று ருமேனியா. அப்பா பெயர் வழியில் வந்தது பிளாஷ்கோ. ‘லுகோஷி’ என்றால் லுகோஷ் ஊர்க்காரர், அவ்வளவுதான். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வதைப் போல. அமெரிக்கா போனதும் அந்த ‘ஷி’ ‘சி’ ஆகி, அழுத்தமும் நடு எழுத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆக, முதலில் மாறியது அவருடைய பெயரின் ஒலிதான்.

வெளியூர் நாடகக் குழுக்களில் ரோமியோ வரை வேடம் கட்டி, 1913-ல் புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார். பெரும்பாலும் சின்ன வேடங்கள். முதல் உலகப் போரில் காலாட்படையில் இருந்து காயம்பட்டார். 1919-ல் பேலா குன்னின் கம்யூனிஸ்ட் அரசு சில மாதங்கள் இருந்தபோது நடிகர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னால் நின்றார். அரசு கவிழ்ந்ததும் ஊரில் இருக்க முடியவில்லை. வியன்னா, பெர்லின், அப்புறம் ஒரு சரக்குக் கப்பலில் வேலையாளாக ஏறி 1920 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ். வயது 38. கையில் ஆங்கிலம் கிடையாது.

நியூயார்க்கில் ஹங்கேரியக் குடியேறிகளுக்காக ஹங்கேரிய மொழியிலேயே நாடகம் போட்டார். 1922-ல் ‘தி ரெட் பாப்பி’ என்ற ஆங்கில நாடகத்தில் வேடம் கிடைத்தது. மொழி தெரியாமல் வசனத்தை ஒலியாகவே மனப்பாடம் செய்து மேடையேறினார். எங்கள் வேலையில் இது தினசரிச் சங்கதி. தெலுங்கு தெரியாத பெண் தமிழ் எழுத்தில் தெலுங்கு வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு மைக் முன்னால் நிற்பாள். அர்த்தம் தெரியாதபோது ஒவ்வொரு எழுத்தும் சம கனமாக இருக்கும், எதை விழுங்கலாம் என்று தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, முதல் மாலை. 1939-ல் வந்த ‘நினோச்கா’வை எடுங்கள். கிரெட்டா கார்போ நடித்த, எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய நகைச்சுவைப் படம். லுகோசிக்கு இதில் ஒரே ஒரு காட்சி, அதுவும் கடைசிப் பகுதியில், மாஸ்கோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கமிஸார் ரஸினின். கார்போவைக் கூப்பிட்டு இன்னொரு வெளிநாட்டு வேலை கொடுப்பார். இங்கே அவருக்குக் கறுப்பு மேலங்கி இல்லை, முகத்தில் பட்டை விளக்கு இல்லை. எரிச்சலில் இருக்கும் ஒரு மேலதிகாரி, அவ்வளவுதான். பேச்சு சாதாரண வேகத்தில் ஓடுகிறது. இதுதான் உங்கள் அளவுகோல். புது ஆர்ட்டிஸ்ட் வந்தால் நாங்கள் முதலில் காபி வாங்கிக் கொடுத்துச் சும்மா பேசவிட்டுக் கேட்போம், மைக் முன்னால் அவர் என்ன மாற்றுகிறார் என்று தெரிய வேண்டுமே. அதே காரியம்தான் இது. (கம்யூனிஸ்ட் அரசை ஆதரித்ததால் ஊரைவிட்டு ஓடியவருக்கு, சோவியத் அதிகாரியைக் கிண்டல் செய்யும் படத்தில் அந்த அதிகாரியின் நாற்காலி. ஸ்டுடியோக்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரு ஐரோப்பிய உச்சரிப்பு வேண்டும், எந்த ஐரோப்பா என்று யார் கேட்டார்கள்?)

இரண்டாம் மாலை ‘டிராகுலா’, 1931, இயக்கம் டாட் பிரௌனிங். பின்னாளில் பிலிப் கிளாஸ் இசை சேர்த்த ஒரு வடிவமும் கிடைக்கும், அதை எடுக்காதீர்கள். மூல வடிவத்தில் எழுத்து ஓடும்போதும் அரங்கக் காட்சியிலும் தவிர இசையே கிடையாது. ஒலிப்பதிவின் இரைச்சல், அதன் மேல் குரல். நமக்கு வேண்டியது அதுதான்.

கோட்டைப் படிக்கட்டுக் காட்சியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாம் முறை ஒலியை அணைத்துவிட்டு வாயை மட்டும். மெழுகுவர்த்தியோடு இறங்கி வந்து தன் பெயரைச் சொல்லும் இடத்தில், ‘நான்’ என்பதற்கும் ‘டிராகுலா’ என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு விட்டுவிடலாம். ‘நான் ஒருபோதும் குடிப்பதில்லை… வைன்’ என்ற வசனத்தில் அந்த இடைவெளி இன்னும் பெரியது. அந்த இடைவெளிக்குள், கோட்டைக்கு வந்திருக்கும் விருந்தாளி ரென்ஃபீல்டாக நடிக்கும் டுவைட் ஃபிரையின் முகத்தைக் கவனியுங்கள். அவர் காத்திருக்கிறார். நாமும் காத்திருக்கிறோம்.

இங்கே ஒரு பொய்யைக் களைய வேண்டும். டிராகுலா படத்திலும் அவர் வசனத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தார், அதனால்தான் அந்த நிதானம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எப்படி இருக்க முடியும்? படம் எடுத்தபோது அவர் அமெரிக்கா வந்து பத்து வருடம் ஆகப்போகிறது. 1927 அக்டோபரில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஃபுல்டன் அரங்கில் இதே வேடத்தை ஆரம்பித்து 261 காட்சிகள் நடித்தவர், பிறகு வெளியூர்களிலும் நடித்தவர். அந்த வசனம் அவருக்குத் தூக்கத்தில்கூட வரும். அர்த்தம் தெரியாத காலத்தில் எல்லா எழுத்தையும் சம கனத்தில் சொன்னாரே, அது எதிரே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்கிறது என்று மேடையில் கண்டுபிடித்து, அர்த்தம் தெரிந்த பிறகும் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார் என்பது என் கணிப்பு. நேற்றுக் கேட்ட கமிஸாரை இதோடு ஒட்டிப் பாருங்கள்.

உச்சரிப்பைப் பிடிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹங்கேரிய மொழியிலும் குறில், நெடில் உண்டு, நீட்டினால் சொல்லே மாறிவிடும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். ஆங்கிலம் அப்படி இல்லை, அழுத்தம் இல்லாத உயிரெழுத்தைக் கடித்துத் துப்பிவிடும். லுகோசி துப்பமாட்டார். நம் ஊர் தமிழாசிரியர் ஆங்கிலம் பேசினால் எப்படி ஒவ்வொரு உயிரும் உயிரோடு இருக்குமோ, அப்படி. ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரம் ஹங்கேரியத்தில் இல்லாததால் மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து நம்மைப் போலத்தான் ‘வைன்’, ‘வெல்கம்’ என்கிறார். ஆங்கிலேயருக்கு இது விநோதம். நமக்கு வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது. எனக்கு இவர்மேல் பயமே வராததற்கு இதுகூடக் காரணமோ என்னவோ.

சம்பளம் வாரத்துக்கு 500 டாலர், ஏழு வாரம். யுனிவர்சல் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய படத்துக்கு மொத்தம் 3,500 டாலர்.

மூன்றாம் மாலையில் இரண்டு சின்னப் படங்கள், இரண்டும் சேர்ந்தே இரண்டேகால் மணி நேரம் தாண்டாது. 1932-ன் ‘வொயிட் ஸோம்பி’ உரிமைக் காலம் முடிந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கண்டபடி தேய்ந்த பிரதிகளும் சுற்றுகின்றன, முதல் நிமிடத்திலேயே குரல் கரகரத்தால் விட்டுவிட்டு வேறு தேடுங்கள். இதில் கைகளைக் கவனித்தால் போதும். விரல்களைக் கோத்து இறுக்கும்போது வசனம் நின்றுவிடும், கை பேசும். அடுத்தது 1934-ன் ‘தி பிளாக் கேட்’. போரில் சிறைப்பட்டு ஆண்டுக்கணக்கில் கழித்துத் திரும்பும் ஹங்கேரிய மருத்துவராக லுகோசி, எதிரில் போரிஸ் கார்லாஃப். கார்லாஃப் லண்டனில் பிறந்தவர், அவரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்தான். ஆனால் ஆங்கிலம் தாய்மொழி. பேராசிரியர், பிரபு, வேலைக்காரன் எது வேண்டுமானாலும் ஆகலாம். லுகோசி வாயைத் திறந்ததும் இடம் முடிவாகிவிடும். இருவரும் சதுரங்கம் ஆடும் காட்சியில் இருவரின் குரலையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். இரண்டும் தணிந்த குரல்தான், ஒன்றுக்கு மட்டும் ஆயிரம் கதவு திறந்தது.

நான்காம் மாலைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1939-ன் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான், டிராகுலா இல்லை.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் திகில் படங்களுக்கு மவுசு போய், லுகோசிக்கு வேலையே இல்லை. கைக்குழந்தை வேறு. 1938-ல் பழைய ‘டிராகுலா’வையும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’னையும் ஒன்றாக ஓட்டியதில் கூட்டம் அலைமோத, யுனிவர்சல் அவசரமாக ஒரு படம் ஆரம்பித்தது. திரைக்கதை எழுதி முடியாமலே படப்பிடிப்பு நடந்தது, எழுத எழுத லுகோசியின் வேடம் வளர்ந்தது. அவர் பெயர் இகோர். பிணம் தோண்டிய குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டு, கழுத்து முறிந்தும் சாகாமல் பிழைத்துக்கொண்டவன். கழுத்து எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். டிராகுலாவின் குரல் நெஞ்சிலிருந்து, மேடையின் கடைசி வரிசைக்குப் போகிற குரல். இகோருடையது முறிந்த தொண்டைக்குள் உரசிக்கொண்டு வருகிறது. நான் வீட்டில் கழுத்தை அப்படிச் சாய்த்துப் பேசிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. அவர் படம் முழுக்கப் பேசுகிறார். அதிலும் குறும்பாக! தனக்குத் தூக்குத் தண்டனை கொடுத்த ஊர்ப் பெரியவர்கள் முன்னால் விசாரணைக்கு நிற்கும்போது ஒருவர்மேல் இருமித் துப்பிவிட்டு, தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது, மன்னியுங்கள் என்கிற இடம் இருக்கிறதே, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தேன். இதே மனிதர்தான் எட்டு வருடம் முன்பு படிக்கட்டில் நின்றவர் என்று குரலை மட்டும் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஒரே உச்சரிப்பு, இரண்டு ஆள். உச்சரிப்புதான் இவரைச் சிறை வைத்தது என்று பொதுவாக எழுதுவார்கள். சிறைக்குள்ளேயும் அவருக்கு நடமாட இடம் இருந்தது, யாரும் நடக்கவிடவில்லை.

ஐந்தாம் மாலை. இதற்காகத்தான் இந்த வரிசையையே போட்டேன். 1942-ன் ‘தி கோஸ்ட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’, 1943-ன் ‘ஃபிராங்கன்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’. நடுவில் எழுந்து போகாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். இரண்டும் சுமாரான படங்கள்தான்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி பிணத் துண்டுகளை ஒட்டி உயிர் கொடுத்த பூதம்தான் இந்தப் படங்களின் நாயகன். முதல் படத்தின் முடிவில் இகோரின் மூளையைச் சூழ்ச்சி செய்து அந்தப் பூதத்தின் தலைக்குள் வைத்துவிடுகிறார்கள். பூதமாக நடிப்பவர் லான் சேனி ஜூனியர். அது எழுந்து வாயைத் திறக்கிறது, உள்ளேயிருந்து லுகோசியின் குரல் வருகிறது. சாட்சாத் டப்பிங். சேனியின் உதடு, லுகோசியின் வசனம். சிங்க், அதாவது உதடும் குரலும் ஒட்டுவது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள், 1942-க்கு ரொம்பச் சுத்தம். அப்புறம் ரத்த வகை சேராமல் பூதத்துக்குக் கண் போய்விடுகிறது.

அடுத்த படத்தில் பூதமாக லுகோசியே வருகிறார். கதைப்படி நியாயம், உள்ளே இருப்பது இகோர்தானே? குருட்டுப் பூதமாக, கையை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடந்து, வசனமும் பேசி நடித்து முடித்தார். 60 வயதில் அந்த ஒப்பனைப் பாரத்தைச் சுமந்துகொண்டு. படம் வெளிவந்தபோது பூதத்தின் வசனம் ஒன்று விடாமல் எடுக்கப்பட்டிருந்தது. கண் தெரியாது என்ற விவரமும் அதோடு போய்விட்டது. பூதம் ஹங்கேரிய உச்சரிப்பில் பேசியதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது என்று திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் பின்னாளில் சொன்னார். குருடு என்று தெரியாததால் அந்த நீட்டிய கை வெறும் கோமாளித்தனமாக நின்றது. பிறகு உலகத்தில் எந்தப் பிள்ளை பூதம் விளையாடினாலும் கையை நீட்டிக்கொண்டுதான் நடக்கிறது. ஒரு இடத்தில் படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அவர் உதடு அசைவது தெரியும். சத்தம் இருக்காது.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு படத்தில் பாட்டி வேடத்துக்கு முழு வசனமும் பேசினேன், நல்ல வேடம். ரிலீஸ் அன்று அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறேன், பாட்டி வாயைத் திறக்கிறாள், வேறு யாரோ பேசுகிறார்கள். ‘உன் குரல் கேட்கவே இல்லையேடி?’ என்று அக்கா கேட்டாள். தலைவலி என்று சொல்லி இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். கம்பெனிக்காரர்கள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதனால் அந்த அசையும் உதட்டைப் பார்த்தபோது என்னால் படத்தைத் தொடர முடியவில்லை, அடுத்த நாள்தான் முடித்தேன். நீங்கள் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 1931-ல் முதல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்துக்கு யுனிவர்சல் முதலில் விளம்பரம் செய்தது லுகோசி பெயரைத்தான். வசனம் இல்லாத அந்த வேடம் கை மாறிக் கார்லாஃபுக்குப் போய் அவரை நட்சத்திரமாக்கியது. 12 வருடம் கழித்து அதே வேடம், அதே ஊமைத்தனம், திரும்பி வந்து லுகோசி தலையில் விழுந்தது.

ஆறாம் மாலை சிரித்துக்கொள்ளுங்கள். 1948-ன் ‘அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’. டிராகுலா என்ற பெயரில் அவர் முழுப் படத்தில் நடித்தது இரண்டே முறை, 1931-லும் இதிலும். இரண்டு கோமாளிகள் சுற்றி என்ன கூத்தடித்தாலும் இவர் குரல் ஒரு இம்மி நகராது. அதனால்தான் கூத்து எடுபடுகிறது.

ஏழாம் மாலையில் முழுப் படம் எதுவும் வேண்டாம், துண்டுகளாகப் பாருங்கள். கால் நரம்பு வலிக்காக எடுத்த மருந்து பழக்கமாகி, 1955-ல் தானே போய் நார்வாக்கில் உள்ள அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். சில மாதத்தில் வெளியே வந்தார். 1956-ன் ‘தி பிளாக் ஸ்லீப்’பில் அவருக்குக் கிடைத்தது ஊமை வேலைக்காரன் வேடம். அந்த வருடம் ஆகஸ்ட் 16-ல் இறந்துவிட்டார், வயது 73. இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன் எட் வுட் என்ற இயக்குநர் ஒலியில்லாமல் எடுத்து வைத்திருந்த சில துணுக்குகள் ‘பிளான் 9’ என்ற படத்துக்குள் போயின. மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு வேறொருவர் மீதிக் காட்சிகளில் நடமாடுகிறார். வீட்டு வாசலில் நின்று லுகோசி பூவை முகரும் இடத்தில் பின்னணியில் இன்னொருவர் குரல் பேசிக்கொண்டே போகிறது.

அவர் இறந்த பிறகு மனைவியும் மகனும் யுனிவர்சல் மேல் வழக்குப் போட்டார்கள். பொம்மை, முகமூடி என்று டிராகுலா முகத்தை விற்ற காசு பற்றி. 1979-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் குடும்பம் தோற்றது. சில வருடத்திலேயே, இறந்தவரின் உரிமை வாரிசுக்கு உண்டு என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. அதில் பெயர், கையெழுத்து, படம், சாயல் இவற்றோடு ‘குரல்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. இதைப் படித்த அன்று எங்கள் பழைய டப்பிங் கூட்டத்துக்கு ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொன்னேன்.

இந்த ஊமைத் துண்டுகளுக்குப் பிறகு, ஆண்டு வரிசையை மீறி, மருத்துவமனைக்குப் போவதற்குச் சற்று முன் நடித்த ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ படத்தில் ஒரே ஒரு பேச்சைக் கடைசியாக வையுங்கள். செட் அட்டை போல ஆடும், பொருட்படுத்தாதீர்கள். நாடு கடத்தப்பட்ட விஞ்ஞானியாக லுகோசி. தாய்நாட்டிலிருந்து ஒருவன் வந்து ‘வீட்டுக்குத் திரும்பி வா’ என்கிறான். ‘ஹோம்? ஐ ஹாவ் நோ ஹோம்’ என்று ஆரம்பித்து, வேட்டையாடப்பட்டு, வெறுக்கப்பட்டு, மிருகம் போல வாழ்கிறேன் என்று போகும். இரண்டு ‘ஹோம்’களும் ஒன்றுபோல இருக்காது. முதலாவது கேள்வி, மேலே போகிறது. இரண்டாவதில் நெடில் நீண்டு, உதடு மெதுவாக மூடுகிறது. கப்பலேறியவர் மறுபடி ஹங்கேரிக்குப் போனதே இல்லை.

முடிந்தால் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். அந்த வரியைத் தமிழில் பேசி அவர் வாய்க்குப் பொருத்துங்கள், செல்போனில் பதிவு செய்தால் போதும். ‘வீடா? எனக்கு வீடு கிடையாது’ என்று நான் பேசினேன். நேரம் சரியாக வந்தது, வாய் ஒட்டவில்லை. ‘ஹோம்’ உதடு மூடி முடிகிறது, ‘வீடு’ம் ‘கிடையாது’ம் திறந்தபடி நிற்கின்றன. ‘இல்லம்’ போட்டால் மூடும். ஆனால் எந்த மனிதன் கோபத்தில் ‘இல்லம்’ என்று பேசுவான்? 14 டேக் எடுத்துவிட்டேன், இன்னும் ஒட்டவில்லை.